இரண்டு இழுப்பு

“அந்த ஓஸைத் தூக்கித் தெருவுல எறியுதியா, இல்ல நான் எறியட்டா?”

“தொட்டுத்தான் பாருங்கண்ணே! அவுக மூச்சு ஓடுன ஓஸ் அது. இங்கனதான் கெடக்கும்!”

திரேஸ்புரத்தில் மத்தியானச் சண்டை என்றால் மூன்று வீட்டு மிக்ஸி தானாக நின்றுவிடும். நின்றது.

எட்டு மாத வயிற்றோடு ஈவாஞ்சலின் அந்தக் காற்றுக் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான்கு மாதத்துக்கு முன் சங்கு குளிக்கப் போன அவள் புருஷன் அம்புரோஸ், அதன் ஒரு முனையை வாயில் கவ்வியபடியே கடலடியில் செத்தான். மறுமுனை படகில், அவள் அண்ணன் ஞானதீபத்தின் கையில் இருந்தது. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் குழாய் பிடிக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். தங்கச்சி தாலியறுக்க எவன் விடுவான்? மூச்சு முட்டினால் கீழே இருப்பவன் இரண்டு இழுப்பு இழுப்பான். உடனே தூக்க வேண்டும்.

“இழுக்கவே இல்ல” என்று பங்குச்சாமியாரிடம்கூடச் சொன்னான் ஞானதீபம். அந்த நேரம் அவன் காதில் போன், போனில் அவன் பழகிவந்த ரீனா. தெருவுக்கே தெரியும், ஈவாஞ்சலினுக்கு மட்டும் தெரியாது. இரண்டு இழுத்து, நின்று, மறுபடி இரண்டு இழுத்ததோ அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று காலை அந்த வாய்முனை ஈரமாக இருந்தது. எச்சில் ஈரம்.

நேற்றுதான் டாக்டரம்மா சொன்னார்: “தொப்புள்கொடி பிள்ளை கழுத்துல ரெண்டு சுத்து இருக்கு. நிறைய பிள்ளைகளுக்கு இருக்கிறதுதான். உள்ள அது மூக்கால மூச்சு விடாது. காத்து, சாப்பாடு எல்லாம் தாய் ரத்தத்துலருந்து கொடி வழியாத்தான். அசைவு மாறுனா உடனே கூட்டிட்டு வாங்க.” பலமாகத் தலையாட்டியவன் ஞானதீபம்.

அழுது ஓய்ந்து, வாய்முனையை வயிற்றோடு அணைத்தபடி ஈவாஞ்சலின் தூங்கிப்போனாள். கருவாட்டு வாடையும், துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் கிரேனின் முனகலும், கரண்ட் போய் நின்ற மின்விசிறிக்குக் கீழே தேங்கிய வேக்காடும் கலந்த அந்த அறையில், ரப்பருக்குள் தண்ணீர் கொப்பளிப்பதுபோல ஒரு மூச்சு ஏறி இறங்குவது ஞானதீபத்துக்குக் கேட்டது. தங்கையின் மூச்சு அல்ல. தூங்கும்போதே சுருட்டிக்கொண்டுபோய் எறிந்துவிடலாம் என்று மறுமுனையைக் கையில் எடுத்தான்.

இழுத்தது.

இரண்டு. நின்றது. மறுபடி இரண்டு.

அவள் கை அசையவில்லை. வயிறு மட்டும்.

“மச்சான்... என்னைய விட்டிரும்” என்று குழாயிடம் கெஞ்சினான் ஞானதீபம்.

போட்டுவிட்டு ஓடினான். செத்தவன் கூப்பிடுகிறான் என்றுதான் நினைத்தான். கொடியின் முனையில் இன்னொரு ஆள் இருப்பது புத்தியில் படவில்லை.

“என்னலே, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?” என்றார் டீக்கடை அண்ணாச்சி. இரண்டு டீ குடித்தான்.

நாலு மணிக்கு அலறல் கேட்டது: “அண்ணே, பிள்ளை அசையலண்ணே!”

ஆண் பிள்ளை. நீலம் பாரித்திருந்தது. கழுத்தை இறுக்கிய கொடியை அதன் ஒரு கை பிடித்திருந்தது. நர்ஸ் அதை விரல் விரலாகப் பிரித்தாராம்.

ஈஸ்டர் கழிந்ததும் ரீனா மணப்பாட்டு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு மஸ்கட் போனாள். ஈவாஞ்சலின் வேம்பாரில் சித்தி வீட்டுக்குப் போனாள், குழாயோடு. ஞானதீபம் கடல் வாடையே எட்டாத திருப்பூருக்கு. அறைக்கூட்டாளி சொன்னது நம் காதுக்கு வராமலா போகும்? தூங்கும்போது அவன் வலது கை கட்டிலுக்கு வெளியே, எதையோ பிடித்த மாதிரி மூடியே இருக்குமாம். இரண்டு தரம் வெடுக்கென்று கீழே இழுபடும். நிற்கும். மறுபடி இரண்டு.

ஒரு தரம்கூட அவன் மேலே தூக்கியதில்லையாம்.