மூன்று குலவை

காலையில் வயலுக்குள் நுழையும் முன் உடம்பிலுள்ள உலோகத்தையெல்லாம் கழற்றி வாசல் தொட்டியில் போட்டுவிட வேண்டும். கொக்கி வைத்த ரவிக்கை கூடாது. ஹேர்பின் கூடாது. தாலியில் பொன் என்பது எங்களுக்குக் கிடையவே கிடையாது. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கு, அவ்வளவுதான். ஒரு குண்டூசி இருந்தால்கூடப் பொன்னுணரி பேய் பிடித்ததுபோலக் கத்தும். பொன்னுணரி என்பது வயலை ஆளும் வாரியம் வைத்த பெயர். எங்களுக்கு அது டிடெக்டர்.

வயல் என்றதும் நெல்வயல் என்று நினைத்துவிடாதீர்கள். இது கோலார் தங்கவயல். சுரங்கத்தை மூடி எந்தக் காலமோ ஆயிற்று. பொன் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேடுகளை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பொட்டுப் பொன் தேடித்தான் எங்கள் முதுகு வளைகிறது.

முகத்தில் இருக்கும் மூச்சுக்கூட்டை மட்டும் கழற்றக்கூடாது. பூமிக்கடியில் பழைய சுரங்கத்தின் முட்டுமரங்கள் பற்றிக்கொண்டு நாற்பது வருஷம் ஆகிறது. அதிலிருந்து வரும் ஊமைக்காற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கூட்டுக்குள், டிடெக்டருக்குக் கேட்காதபடி உறையிட்ட பொன்வலைதான் அந்த விஷத்தை முறிக்கிறது. ஆளுக்கு ஒரு வலை, வலைக்கு நாலு கிராம் பொன். வலையில்லாத வெறுங்கூட்டோடு ஒருவர் அரை நாள் தாங்கலாம். முதலில் தலைவலி, பிறகு தூக்கம், அப்புறம் எழுந்திருக்கிற பேச்சே இல்லை.

செத்தவரின் வலை வாரியத்துக்குப் போய்விடும். ஒருவர் வலையை இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. கொடுக்கலாம் என்றிருந்த காலத்தில், பெற்ற பிள்ளைகளே தகப்பன் தலைமாட்டில் தலையணையோடு நின்றார்களாம். ஆகவே புது உயிருக்குப் புதுப் பொன் என்று சட்டம் போட்டார்கள். மண்ணிலிருந்து எடுத்தவள் யார் பேரைச் சொல்கிறாளோ, அவருக்கே அது.

எங்கள் மகள் தும்பைக்கு அந்த வெள்ளிக்கிழமையோடு ஐந்து வயது முடிய இருந்தது. ஐந்து வரைக்கும் பிள்ளைகள் வாரியத்தின் கண்ணாடிக் கூடத்தில் நல்ல காற்றில் இருப்பார்கள். நாங்கள் வெளியே நின்று பார்க்கலாம், தொட முடியாது. ஐந்து முடிந்த அன்று அந்தப் படுக்கை அடுத்த குழந்தைக்கு. வெளியே வரும் பிள்ளைக்குக் கூடு இருந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று என்னைச் சொல்ல வைக்காதீர்கள். மூன்று வருஷமாகத் தோண்டியிருந்தேன். சேர்ந்தது ஆணியும் தகர மூடியும்தான்.

நான் சொல்ல வந்தது அந்த வாரத்துப் புதன்கிழமையை. வழக்கம்போல என் வீட்டுக்காரர் தேசிங்குதான் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூச்சுக்கூடு ரிப்பேர் பட்டறையில் பற்றவைக்கிற வேலை அவருக்கு. பொன்னை உருக்கி வலையாக இழுக்கத் தெரிந்த கை.

"யோவ், இன்னாய்யா காது இப்பிடிச் செவந்து கெடக்கு? புது மாப்பிள்ளையாட்டம்?" என்றேன்.

"வெயிலு." கூட்டுக்குள்ளிருந்து குரல் தேய்ந்து வந்தது. "இரிசு, கெழக்கு மூலைய ஏன் உட்டுட்ட?"

"மூணு தபா பாத்தாச்சு. அங்க ஒரு எழவும் இல்ல."

"நாலாந்தபா பாரு. எனக்காவ."

"வந்துட்டாரு ஜோசியக்காரரு!"

அவர் சிரிக்கவில்லை. என் துண்டை ஒட்டிப் பழைய சுரங்கக்குழி ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருக்கும். ஆழம் மூவாயிரம் மீட்டர், அடியில் தண்ணீர். அதில் விழுந்த எதையும் வாரியம்கூட எடுத்ததில்லை. அதன் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"தலய நோவுது. செத்த கண்ண மூடறேன். நீ குலவ போட்டா நானே எழுந்துக்கிறேன்."

"பொண்டாட்டி மண்ணக் கெளற, புருஷன் கொறட்ட. நல்லாயிருக்குய்யா நியாயம்!" என்று கத்திவிட்டு நடந்தேன். அவரிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். என் வாய் அழுகிப்போக!

குலவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொன் கிடைத்தால் பெண்கள் சந்தோஷத்தில் கூட்டைத் தூக்கிவிட்டுக் குலவை போடுவது முன்பு எங்கள் வழக்கம். பதுக்குகிறவள் சத்தம் போடமாட்டாள் என்று கண்டுகொண்ட வாரியம் அதையே சட்டமாக்கிவிட்டது. எடுத்தவள் ஒன்று, பக்கத்துத் துண்டுக்காரிகள் இருவர். மூன்று குலவை விழுந்தால்தான் பொன் பதிவாகும்.

கிழக்கு மூலையில் டிடெக்டரின் சுருளை வீசினேன். ஆணி என்றால் கரகரக்கும். பொன் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஏறி இறங்கியது. பிளாஸ்டிக் கரண்டியால் தோண்டினேன். கை படாத மண் அடுக்கடுக்காகப் பெயரும். இது சாம்பார் சாதம் மாதிரி கலந்து வந்தது. ஒரு சாண் ஆழத்தில் கைக்கு அகப்பட்டது, கட்டைவிரல் நகமளவு பொன். நாலு கிராம் இருக்கும்.

"தாயே!" என்று வாய்க்குள் சொன்னேன். அதைத் திருப்பிப் பார்த்தேன்.

மேலே மணலை அழுத்தி ஒட்டவைத்திருந்தது. அடிப்பக்கம் மொழுமொழுவென்று குழிந்த உருண்டை. மண்ணில் பிறந்த கட்டிக்கு அந்த வழவழப்பு வராது. அது பொன் உருக்கும் மூசைக் கிண்ணத்தின் அடி. உருக்கி ஊற்றியவர் தட்டிச் சொரசொரப்பாக்க மறந்துவிட்டார். அவசரத்தில் மறந்துவிட்டார், பாவி மனுஷன். ஊமைக்காற்று ரத்தத்தில் ஏறினால் காது சிவக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிமிர்ந்தேன். சுவரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். பதறாதே, ஓடி வராதே என்று அர்த்தம்.

ஓடியிருக்கலாம். ஐம்பது எட்டுதான். என் கூட்டைக் கழற்றி அவர் முகத்தில் வைத்து அழுத்தியிருக்கலாம். ஆனால் ஓடினால் காவலாட்கள் வருவார்கள். அவர் கூட்டைத் திறப்பார்கள். வலை இருக்காது. என் கையிலிருப்பது யாருடைய பொன் என்று தெரிந்துவிடும். வாரியம் பிடுங்கிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை கண்ணாடிக் கதவு திறக்கும்.

"இன்னாடி இரிசு, குந்தினு கீற? எதுனா கெடச்சுதா?" பக்கத்துத் துண்டிலிருந்து கோவிந்தம்மா அக்கா. வரப்பில் போய்க்கொண்டிருந்த வாரியத்தின் பொன் மதிப்பாளர் நின்று திரும்பிப் பார்த்தார்.

ஒரு கருங்கல் சில்லை எடுத்து அந்த வழவழப்பை நாலு இழுப்பு இழுத்தேன். என் கையாலேயே தேய்த்தேன். பிறகு கூட்டை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டேன். அப்படியொரு குலவையை நான் ஜென்மத்தில் போட்டதில்லை. கல்யாணத்தில் போடுவதுபோலச் சிரித்துக்கொண்டே போட்டேன். கோவிந்தம்மா அக்கா போட்டாள். "அடி, உன் வயித்துல பால் வார்த்துட்டாரு கடவுளு!" என்று கூவிக்கொண்டே அந்தப் பக்கத்துக்காரியும் போட்டாள்.

மூன்றாவது குலவை அடங்கியபோது சுவரைப் பார்த்தேன். வெறும் சுவர்தான் இருந்தது.

சொன்னபடியே எழுந்துகொண்டார். உடம்பும் கூடும் யார் கையிலும் சிக்காத இடத்துக்குப் போய்விட்டார். மதிப்பாளர் கட்டியை எடைபோட்டு, "யார் பேருக்கும்மா?" என்று கேட்டார். தும்பை என்றேன். கைரேகை வைத்தேன். அது கட்டத்துக்கு வெளியே விழுந்ததைப் பார்த்து, "சந்தோஷம் தாங்கலையா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அவர் கட்டியை உறையிலிட்ட பிறகுதான், வீட்டுக்காரரைக் காணோம் என்று அலறினேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெற்றவள் என்பதால் நின்றேன். கட்டினவள் என்பதை நினைத்திருந்தால் நின்றிருக்கமாட்டேன்.

"தலை சுற்றி விழுந்திருக்கிறார்" என்று பதிவாயிற்று.

வெள்ளிக்கிழமை தும்பை புதுக் கூட்டோடு வெளியே வந்தாள். வெயிலைத் தொட்டுப் பார்ப்பதுபோலக் கையை நீட்டினாள். "அப்பா எங்கம்மா?"

"தூங்கறாரு."

"நான் எழுப்பறேன். குலவ போட்டா எழுந்துப்பேன்னு அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்லும்ல?" என்று சொல்லிக்கொண்டே, சின்னக் கையால் கூட்டை மேலே தூக்கி வாயைக் குவித்தாள்.

பளாரென்று அந்தக் கையில் ஓர் அடி வைத்தேன். கூட்டை இழுத்து அவள் முகத்தோடு அழுத்திப் பிடித்தேன். அது யாருடைய மூச்சு என்று கத்த வேண்டும்போல இருந்தது. மதிப்பாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கூட்டக் கழட்டாதடி" என்றேன். என் பிள்ளை முதல் தடவையாக என் மடியில் உட்கார்ந்து அழுதாள்.