பேர் வெட்டிய பாத்திரம் வாபஸ் இல்லை

"யோவ்... கார நிறுத்துய்யா!"

மழைத் தூறலுக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலைத் தமிழ்வாணன் முதலில் சட்டை செய்யவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலை... இருட்டிவிட்ட ஏழு மணி... டிக்கி நிறைய யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ சீர்வரிசைப் பாத்திரம். இந்த லட்சணத்தில் எவன் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தக் கூடாது என்பது செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பாத்திரக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் அது எவனுடைய குரலும் இல்லை. எவளுடையதோ...

ஒரு ஸ்கூட்டர் சர்ரென்று அவனைத் தாண்டி வந்து குறுக்கே நின்றது. பிரேக்கை மிதித்தான். டிக்கிக்குள் அண்டாவும் குண்டானும் முட்டிக்கொண்டு ஒன்றையொன்று திட்டிக்கொண்டன.

வண்டிக்காரி இறங்கி வந்தாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். அவ்வளவுதான்... மழையில் கழுவிக் கவிழ்த்த மாதிரி இரண்டு கண்கள். புதுச் சரக்கைப் பிரித்து அடுக்கிய அன்று கடை முழுக்க ஒரு மினுமினுப்பு அடிக்குமே, அது மொத்தமும் அந்த இரண்டில் இருந்தது. கூடவே கோபமும்.

"இன்னா சார் வண்டி ஓட்றீங்க? பின்னாடி லைட்டு ரெண்டும் எரியல. இன்னும் ஒரு முழம் வந்திருந்தா உங்க டிக்கிக்குள்ள நான் உக்காந்துகினு இருப்பேன்!"

"டிக்கில எடமே இல்லீங்களே..."

வாய் தவறி வந்துவிட்டது. அந்தக் கண்கள் சுருங்கின.

"நக்கலா?"

"இல்லீங்க... நெசமாவே இல்ல. பாத்திரம் இருக்கு."

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஓரக்கண்ணால் படித்தான். ரேணுகா. மறைமலைநகரில் கார் விளக்கு செய்கிற ஒரு தொழிற்சாலை. சோதனைப் பிரிவு. அவன் படிப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

"ஆமா. நாள் பூரா இந்த லைட்டத்தான் எரிய வுட்டு, அணைச்சு, தண்ணி ஊத்திப் பாத்துகினு இருக்கேன். ஓரங்கட்டுங்க, என்னன்னு பாத்துடலாம்."

"எவ்ளோ ஆகும்?"

"இன்னாது?"

"பாக்கறதுக்கு..."

"ஒண்ணும் வேணாம்."

தமிழ்வாணனுக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. விலை சொன்னால் பாதிக்குக் கேட்கலாம். விலையே சொல்லாத ஆளிடம் ஒரு மனுஷன் எங்கே பிடித்து எங்கே குறைப்பது?

சாலையோரத்தில் ஒரு பஸ் நிழற்குடை. அதை ஒட்டி நிறுத்தினான். உள்ளே காலிப் பூக்கூடையோடு ஒரு அம்மாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். எல்லம்மாள் என்று தன் பேரைக் கேட்காமலே சொல்லி, "நீங்க பாருங்க, நான் இங்கதான் கீறேன்" என்று வசதியாக நகர்ந்து உட்கார்ந்தாள். பஸ் வரும்வரை அவளுக்கும் பொழுது போக வேண்டாமா!

"பிரேக்க மிதிங்க," என்றாள் ரேணுகா, காருக்குப் பின்னால் நின்று.

மிதித்தான்.

"பிரேக் லைட் எரியுது. அப்போ பல்பு ரெண்டும் ஒரே நேரத்துல செத்திருக்காது. நம்பர் பிளேட் லைட்டும் இல்ல... மீட்டர்ல வெளிச்சம் வருதா?"

"அது மதியத்துலேர்ந்து இல்ல. மழைக்கு இருக்கும்னு..."

"மழைக்கு மீட்டர் இன்னா சார் பண்ணும், ஜலதோஷமா புடிக்கும்? பின் லைட்டு, நம்பர் பிளேட்டு, மீட்டர் வெளிச்சம், மூணுக்கும் ஒரே ஃப்யூஸு. லைட்ட ஆஃப் பண்ணுங்க."

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு மூடியைக் கழற்றினாள். சுண்டுவிரல் நகமளவு சிவப்புச் சில்லு ஒன்றை உருவிச் செல்போன் வெளிச்சத்தில் காட்டினாள். நடுக்கம்பி கருகி அறுந்திருந்தது. மூடிக்குள்ளேயே உபரியாக இரண்டு இருந்தன. ஒன்றைச் சொருகி, "போடுங்க," என்றாள்.

போட்டான். மீட்டர் ஒரு கண் சிமிட்டியது. அணைந்தது.

"அதுவும் போச்சா? சின்ன சைஸா இருக்குங்க. அதே வெலைக்குப் பெரிய சைஸ் கிடைக்குமே, இருபது ஆம்பியரோ முப்பதோ... அதப் போட்டா தாங்காது?" என்றான் தமிழ்வாணன். "இல்லேன்னா சாக்லேட் காகிதம் இருக்கு. ஜிகினாவ சுத்தி..."

ரேணுகா நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஜிகினா தானாகவே அவன் பாக்கெட்டுக்குள் திரும்பிப் போனது.

"ஃப்யூஸ் எதுக்கு செத்துது தெரியுமா? உள்ள ஒயர் எங்கியோ பாடில முட்டுது, கார் பத்திக்கக் கூடாதேன்னு அது செத்துது. நீங்க சாகாத ஃப்யூஸா பாத்துப் போட்டா ஒயர் எரியும். அப்புறம் டிக்கி எரியும். அப்போ லைட்டே தேவையில்ல, கார் மொத்தமும் பளிச்சுனு தெரியும்!"

எல்லம்மாள் கூடையைத் தட்டிச் சிரித்தாள்.

ஆக, மிச்சம் ஒரே ஒரு ஃப்யூஸ். முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும். அதற்கு டிக்கி காலியாக வேண்டும். தவலை, அண்டா, எவர்சில்வர் குடம், இட்லிக்குண்டான், தாம்பாளம்... ஒவ்வொன்றாக நிழற்குடைக்குள் இறங்கின. எல்லாவற்றின் கழுத்திலும் கல்யாணப் பெண்ணின் பேர் வெட்டியிருந்தது. ஐந்தே நிமிடத்தில் அந்த பஸ் நிழற்குடை பாத்திரக்கடையாகிவிட்டது. பைக்கில் போன ஒருவர் நிறுத்தியே விட்டார்.

"இந்தக் குடம் இன்னா வெலம்மா?"

"விக்கறதுக்கு இல்ல அண்ணாத்த," என்றாள் ரேணுகா.

"சும்மா சொல்லும்மா. இன்னா இருந்தாலும் எரநூறு கொறச்சுக்கோ."

"வெலையே சொல்லலையே, அதுல எப்படிக் கொறைக்கறது?"

தமிழ்வாணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவனைத் தவிக்கவிட்ட அதே சங்கடத்தில் இப்போது அவள்! அவனும் சிரிக்க, அவளும் முறைக்க முயன்று தோற்றுச் சிரித்துவிட்டாள்... மழை கொஞ்சம் வலுத்தது. வலுக்கட்டும் என்றிருந்தது அவனுக்கு.

"ஜோடி நல்லாத்தான் கீது," என்றாள் எல்லம்மாள். "கண்ணாலம் ஆயி எத்தினி வருசம்?"

"ஐயோ அக்கா! இவரு யாருன்னே தெரியாது. ஞாயித்துக்கிழம என்னப் பொண்ணு பாக்க பூஞ்சேரிக்கு வராங்க, அணுபுரத்துலேர்ந்து."

எடுத்த தாம்பாளத்தைத் தமிழ்வாணன் எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. இன்று செவ்வாய். ஞாயிற்றுக்கு நடுவில் நாலே நாள். கண்டு முக்கால் மணி நேரம்கூட ஆகாத ஒருத்தியைப் பார்க்க யாரோ வந்தால் தனக்கு ஏன் இப்படிக் காந்துகிறது?

"புடிச்சிருக்கா... மாப்பிள்ளைய?" என்று கேட்டவன், "அதாவது... ஒயர கண்டுபுடிச்சீங்களா?" என்று முடித்தான்.

"ஃபோட்டோதான் பாத்திருக்கேன். ஒயர பாத்துட்டேன். இங்க வாங்க."

டிக்கியின் அடியில் இரண்டு இடுப்புயரக் குத்துவிளக்குகள். ஒரு விளக்கின் அடித்தட்டு இடதுபக்கம் சாய்ந்து, உள்ளே ஓடிய ஒயரின் மேல் உட்கார்ந்து, மேடு பள்ளத்திலெல்லாம் அறுத்து அறுத்துத் தோலை உரித்திருந்தது. செம்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. விளக்கைச் சாய்த்து ஏற்றியது சாட்சாத் தமிழ்வாணன்தான். பாயில் சுற்றி ஏற்றச் சொன்ன அப்பாவிடம், பாய் வேஸ்ட் என்று வாதாடி ஜெயித்தவனும் அவனே.

ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து கறுப்பு டேப் எடுத்துவந்து இறுக்கிச் சுற்றினாள். கடைசி ஃப்யூஸைச் சொருகினாள். "இப்ப போடுங்க..."

போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் ஓடினான். இரண்டு விளக்கும் எரிந்தன. அந்தச் சிவப்பு வெளிச்சம் அவள் நெற்றியில், நனைந்து ஒட்டிய முடியில், மூக்கின் நுனியில் நின்ற ஒரே ஒரு மழைத்துளியில் மின்னியது.

"எப்படி?" என்றாள், தன் பிள்ளை முதல் ரேங்க் எடுத்த பெருமையோடு.

இங்கேதான் வந்தது வினை. கடையில் பிறந்தவனின் வினை. மனசுக்கு ரொம்பப் பிடித்துவிட்டால் அவன் வீட்டு ஆட்களுக்கு முகம் சப்பென்று ஆகிவிடும். பிடித்தது தெரிந்தால் எதிராளி விலை ஏற்றிவிடுவானே! மூன்று தலைமுறைப் பழக்கம், அவனைக் கேட்காமலே வாயைத் திறந்தது.

"பரவால்ல... ஏதோ சுமாரா எரியுது."

"சுமாராவா?"

கையிலிருந்த டேப்பை ஸ்கூட்டர் பெட்டிக்குள் எறிந்தாள்.

"மழையில நனைஞ்சு, முக்கா மணி நேரம் உங்க அண்டாவ தூக்கி, கையெல்லாம் கருப்பாக்கிகினு... சுமாரா! ஒரு நல்லதப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னா உங்க சொத்து கொறஞ்சிடுமா சார்? பாத்திரத்த நீங்களே ஏத்திக்கோங்க. வெளக்க நேரா வைங்க!"

ஸ்கூட்டர் பூஞ்சேரிப் பக்கம் பறந்தது. அதன் பின்விளக்கு சின்னதாகி, சின்னதாகி, மழைக்குள் ஒரு குங்குமப் பொட்டாகி... மறைந்தது.

"நீ இன்னா பையன் நைனா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் எல்லம்மாள். அவளுக்கு அப்போதுதான் பஸ் வந்தது.

புதன்கிழமை முழுக்கக் கடைக்கு வந்தவர்கள் கேட்ட விலைக்கே பாத்திரம் வாங்கிப் போனார்கள். தமிழ்வாணன் பேரம் பேசவே இல்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். அப்பா வாசுதேவன் பையனுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் பையன் பேர் வெட்டும் மிஷினோடு உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியர்.

"யாரு ஆர்டர்டா?"

"பூஞ்சேரி பார்ட்டி."

"அட்வான்ஸ் குடுத்தாங்களா?"

"இல்லப்பா. ஆர்டரே இன்னும் குடுக்கல."

"அப்போ எதுக்குடா பேர் வெட்டற? வேணாம்னுட்டா பாத்திரம் நம்ம தலையில!" வாசுதேவன் கல்லாவுக்கு மேலே தொங்கிய போர்டைக் காட்டினார். பேர் வெட்டிய பாத்திரம் வாபஸ் இல்லை.

"அதுக்குத்தாம்பா வெட்டறேன்."

வாசுதேவன் மகனின் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருஷமாக வாடிக்கையாளர் முகத்தைப் படித்தவர். இந்த முகத்தைப் படிக்க அவருக்கு அரை நிமிடம் போதும். கடையில் நின்ற ஆளிடம் இரண்டு டீ சொன்னார்.

மாலை ஆறரை. மறைமலைநகர் கம்பெனி பஸ் செங்கல்பட்டில் வந்து நின்றது. ஸ்கூட்டர் ஸ்டாண்டை நோக்கி நடந்த ரேணுகாவின் எதிரே கார். காருக்கு முன்னால், அட்டையில் படித்த கம்பெனிப் பேரைச் சொல்லி பஸ் நிற்கிற இடத்தை விசாரித்து வந்த தமிழ்வாணன்.

"மறுபடியும் எரியலங்க."

அவள் முகத்தில் கோபமும் கவலையும் ஒன்றாக வந்தன. "என் டேப் வுட்டுடுச்சா? இருக்காதே..." பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். மூடியைக் கழற்றினாள். ஃப்யூஸ் இருந்த இடம் காலி. மெல்ல நிமிர்ந்தாள். அவன் சட்டைப் பாக்கெட் மெல்லிசுத் துணி... உள்ளே சிவப்பாக ஒன்று தெரிந்தது.

"எடுங்க அத."

எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கம்பி முழுசாக இருந்தது.

"இது எரிஞ்ச ஃப்யூஸ் இல்லையே. புடுங்கின ஃப்யூஸு."

"ஆமாங்க."

"எதுக்கு?"

"வேற எப்படிங்க உங்கள நிக்க வைக்கறது?"

சிரிப்பு வந்துவிடாமல் உதட்டைக் கடித்தாள். "என் லைட்டுதான் சுமாராச்சே..."

தமிழ்வாணனின் முகம் பழக்கதோஷத்தில் சப்பென்று ஆகப் பார்த்தது. இந்த முறை அவன் விடவில்லை.

"இல்லீங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. அன்னிக்கு அந்த வெளிச்சத்துல உங்களப் பாத்து எனக்குப் பேச்சே வரல. எங்க வீட்ல ரொம்பப் புடிச்சதத்தான் சுமார்னு சொல்லுவோம்... கெட்ட பழக்கம். உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி சொல்லிடணும்னு வந்தேன். சொல்லிட்டேன். இனிமே... வெலய நீங்க எவ்ளோ ஏத்தினாலும் சரி."

கேரியரை நீட்டினான். மேலடுக்கில் ரேணுகா என்று வெட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தாள். நடு அடுக்கில் தமிழ்வாணன். கீழடுக்கு வெறுமையாக மின்னியது.

"இது ஏன் காலி?"

"அது... பேர் வச்சப்புறம் வெட்டிக்கலாம்னு..."

"யாருக்குப் பே..." என்று ஆரம்பித்தவளுக்குப் பாதியில் புரிந்துவிட்டது. காதுவரை சிவந்தாள். கேரியராலேயே அவன் தோளில் ஒன்று வைத்தாள். "கொழுப்பு... பாத்திரக்காரருக்கு ரொம்பக் கொழுப்பு!"

"வேணாம்னா..."

"வேணாம்னா திருப்பி எடுத்துப்பீங்களா?"

"பேர் வெட்டினத எடுக்க மாட்டோங்க. கடை சட்டம்."

கேரியரை ஸ்கூட்டரின் முன் கொக்கியில் மாட்டினாள். மாட்டிவிட்டு, அந்தக் கண்கள்... நேராக அவனைப் பார்த்தன.

"சனிக்கிழம. அவங்க வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடி. உங்க அப்பாவ கூட்டினு எங்க வூட்டுக்கு வரணும். எங்கப்பா கிட்ட சுத்தி வளைக்காம, இப்போ என்கிட்ட சொன்ன மாதிரி நேரா சொல்லணும். முடியுமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழ்வாணன் சொன்ன விலைக்குச் சரி என்றான்.

"கொறைக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அப்போ ஃப்யூஸ போடுங்க. எனக்கு முன்னாடி ஓட்டுங்க, பூஞ்சேரி வரைக்கும். லைட்டு நிக்குதான்னு பாக்கணும்."

வீடு செங்கல்பட்டிலேயே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறவன், மறுபேச்சில்லாமல் காரைக் கிழக்கே திருப்பினான். முப்பதுக்கு மேல் முள் ஏறவில்லை. பின்னால் வந்த லாரிகளெல்லாம் ஹாரனில் வைதுவிட்டுத் தாண்டின. கண்ணாடியில் அந்த ஸ்கூட்டரின் ஒற்றை வெளிச்சம் மட்டும் விடாமல் கூடவே வந்தது. அதைப் பார்க்கும் போதெல்லாம் காரணமே இல்லாமல் அவன் பிரேக்கைத் தொட்டான். அவள் முகத்தில் ஒரு கணம் சிவப்பு வெளிச்சம் விழுந்து, விழுந்து...

எல்லம்மாளின் நிழற்குடை வந்தபோது ஸ்கூட்டர் காருக்குப் பக்கத்தில் ஏறி வந்தது. கண்ணாடியை இறக்கினான்.

"சும்மா சும்மா பிரேக்க மிதிக்காதீங்க..." என்று கத்தினாள் ரேணுகா. பிறகு குரல் தணிந்தது. "எனக்கு ரோடு தெரிய மாட்டேங்குது. உங்களத்தான் பாத்துகினு வரேன்."

என்ன செய்வான் பாவம்... மறுபடியும் பிரேக்கைத்தான் மிதித்தான்.