பெட்டியில் இருந்த பட்டு

ஹபீபா பீவி வந்தபோது அவள் கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. பினாங்கில் பிறந்த பிள்ளைகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியே தலை நரைத்த மருத்துவச்சி. அவளைக் கைநீட்டி அடித்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அம்பிகைபாகன் நாற்காலியை இழுத்துப் போட்டார். உதவியாளர் தவமணிக்குத்தான் ரத்தம் கொதித்தது.

அடித்தவள் பொன்னம்மை. தன் மகள் மீனாளின் ஆண்குழந்தைக்குத் தேய்த்த எண்ணெயில் ஹபீபா விஷம் கலந்துவிட்டாள் என்கிறாளாம். வீட்டிலேயே பிறந்த பிள்ளை. தொட்டிலில் போட்டபின் கண் மஞ்சளித்துச் சிறுநீர் கறுத்துப் போனது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித் தேற்றினார்கள். வீடு திரும்பியதும் மறுபடி அதே கதை, மறுபடி ஆஸ்பத்திரி.

"ரெண்டாவது வாட்டி நான் அந்த வாசப்படியே மிதிக்கல லா, ஐயா. ஆனாலும் போலீஸ்ல குடுக்கப் போறாங்களாம்."

பொன்னம்மையின் மருமகன் மெய்யநாதன்மேல்தான் சந்தேகம் என்று தவமணி வழியெல்லாம் பொரிந்தாள். அம்பிகைபாகனோ பொன்னம்மை வீட்டில் தொட்டிலைத்தான் பார்த்தார். அது பழைய பட்டுச்சேலை. துணியைப் பூச்சி அரிக்காமலிருக்கப் போடும் பாச்சை உருண்டையின் நெடி மூக்கைத் துளைத்தது. முன்னோர் பெட்டியில் இருந்த தன் தாயாரின் பட்டு என்றும், துவைக்கக் கூடாது என்றும், வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இதுதான் முதல் தொட்டில் என்றும் பொன்னம்மை பெருமை பேசினாள். அவளுடைய தம்பியும் இதில் கிடந்தவன்தானாம். மஞ்சளித்துச் செத்தானாம். அப்போதும் ஒரு மருத்துவச்சி செய்த வேலைதானாம்.

அம்பிகைபாகன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டார். முடிவு வந்ததும் ஹபீபாவையும் சேர்த்து எல்லாரையும் பொன்னம்மை வீட்டுக் கூடத்திலேயே உட்கார வைத்தார்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ரத்தத்துல சிவப்பணுவைக் காக்க ஜி6பிடின்னு ஒரு என்சைம் இருக்கு. இந்தப் பிள்ளைக்கு அது குறைச்சல். பாச்சை உருண்டை நெடி பட்டா அந்த அணு உடைஞ்சு போகும். ஆஸ்பத்திரியில பட்டு இல்ல, தேறினான். வீட்டுல பட்டுல கிடந்தான், விழுந்தான். ஹபீபா வந்தாலும் வராட்டியும் அதேதான்."

பொன்னம்மை மருமகனை முறைத்தாள். "எல்லாம் இவங்க வீட்டு ரத்தம்."

"ஆம்பளப் பிள்ளைக்கு இந்த ஜீன் அம்மா வழியாத்தான் வரும்." முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "உங்க தம்பியும் இதாலதான் போயிருக்கணும். அப்ப வந்த மருத்துவச்சியும் எதுவும் செய்யல. ரத்தம் யார் குத்தமும் இல்ல. கைநீட்டினது குத்தம்."

மீனாள் எழுந்து தொட்டில் சேலையை இழுத்துக் கழற்றி வெளியே எறிந்தாள்.

"அந்த மருத்துவச்சிய என்ன பண்ணீங்க?" ஹபீபா கேட்டாள்.

"எங்க வீட்டாளுங்க அடிச்சு வெரட்டினாங்க," என்றாள் பொன்னம்மை.

"அவ பேராச்சும் தெரியுமா?"

பொன்னம்மைக்குத் தெரியவில்லை. ஹபீபா குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அந்த வீட்டில் யாராவது மன்னிப்புக் கேட்கும்வரை அவள் நிற்கவில்லை.