ருக்சார் துடைத்த கறை

ஷீலா கண்ணில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள். நடந்தவள் அறையின் நடுவில், ஒன்றுமே இல்லாத வெறுந்தரையில், யாருக்கோ வழிவிடுகிறவள் மாதிரி தோளை ஒடுக்கிக்கொண்டு சுற்றிப் போனாள். பின்னால் வந்த மாணவனும் அதே இடத்தில் ஒதுங்கினான். அடுத்தவனும் அப்படியே. மருத்துவக் கல்லூரியிலிருந்து பாடம் பார்க்க வந்திருந்த அத்தனை பேரும் அங்கே வந்ததும் ஒதுங்கி நடந்ததைப் பார்த்து ருக்சாருக்குச் சுருக்கென்றது.

"ஷீலா, அங்க ஏம்மா சுத்திக்கினு போன?"

"எங்க மேம்?" அந்தப் பெண் திரும்பித் தரையைப் பார்த்தாள். "தெரியல மேம். யாரோ நிக்கிற மாதிரி… இடிச்சிடக் கூடாதேன்னு…" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "வரேன் மேம்."

ருக்சாருக்கு அந்த இடம் தெரியும். ஹெட்செட்டுக்குள் பார்த்தால் அது பாடத்துக்காக அங்கே நிற்கிற உடம்பின் முதுகுப்பக்கம்.

அடையாற்றங்கரையை ஒட்டிய அந்த ஆராய்ச்சி மையத்தில் ருக்சாருக்கு என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். கலர் அடிக்கிற வேலை. ஆஸ்பத்திரிகளில் எடுத்த ஸ்கேன் படங்கள் பெயர், ஊர் எல்லாம் நீக்கப்பட்டு அவளிடம் வரும். தலை முதல் கால் வரை ஒரு உடம்பைத் துண்டு துண்டாக அரிந்து அடுக்கிய மாதிரி படங்கள். எலும்புக்கு வெள்ளை, ரத்தக்குழாய்க்குச் சிவப்பு, ஈரலுக்குப் பழுப்பு என்று ஒவ்வொன்றிலும் அவள் திரையிலிருக்கிற பிரஷ்ஷால் நிறம் பூசித் தந்தால் கம்ப்யூட்டர் அதையெல்லாம் சேர்த்து ஆளாக நிறுத்தும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டவர் முன்னால் அந்த உடம்பு மாடி வீடு உயரத்துக்கு எழுந்து நிற்கும். விலா எலும்புகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து இதயத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம்.

ஒரே ஒரு தொந்தரவு. எந்த உடம்பை எடுத்தாலும் இதயத்துக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. எலும்புமில்லை, சதையுமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே மையத்தின் தலைவர் அனந்தராமனிடம் காட்டினாள்.

"மெஷின்ல வர்ற கசடும்மா அது. பசங்க குழம்பிடுவாங்க, துடைச்சிடுங்க," என்றார் அவர், திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

துடைத்தாள். வந்த உடம்பிலெல்லாம் துடைத்தாள். படித்த மனிதர் சொல்லிவிட்டார், நாம் சம்பளம் வாங்குகிறோம், நமக்கென்ன வந்தது?

வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட நோய் நொடியில்லாத உடம்பு ஒன்று வேண்டும் என்று பேச்சு வந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், என் வீட்டுக்காரர் வருவார் என்று சொன்னவள் அவள்தான். ஹம்மாத் கச்சேரி ரோட்டில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஓயாத வாய். கடைக்கு வருகிறவர்கள் மிக்சி சரியான பிறகும் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

"என் ஈரலை நாலு பசங்க சுத்திப் பாத்தா எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? வா, போலாம்," என்று சிரித்துக்கொண்டே வந்து ஸ்கேன் மெஷினில் படுத்தான்.

அவன் படத்திலும் அந்தக் கறை இருந்தது. ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு, மறுகையால் அவள் அதைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலத்தோடு ஹம்மாத்தின் பேச்சு நின்றது. காய்ச்சலில்லை, வலியில்லை. கூப்பிட்டால் திரும்ப நேரமாகும். திரும்பினாலும் அந்தக் கண்ணில் ஆள் இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் கேட்கமாட்டான். போகாத ஆஸ்பத்திரி இல்லை, எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவன் அம்மா ஹாஜிரா பீ ஓதிய தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டு, மருமகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எம் புள்ள எங்கடி?"

அவன் எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

இப்போது மாணவர்கள் போன பிறகு, மழை பிடித்து இருட்டிப்போன அந்த அறையில், ஏசியின் உறுமலையும் மழைச் சத்தத்தையும் ஜன்னலுக்கு வெளியே ஆற்றின் சாக்கடை வாடையையும் தவளைச் சத்தத்தையும் தவிர வேறெதுவும் இல்லாத நேரத்தில், அவளுக்கு அந்தப் பாழாய்ப்போன விஷயம் உறைத்தது. அந்த மென்பொருளில் எதையும் அழிக்க முடியாது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எலும்பு, ஈரல் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தே ஆகவேண்டும். துடைத்தால் அந்தப் புள்ளி உடம்பைச் சுற்றியிருக்கிற காலி இடத்துக்குப் போய்ச் சேரும். அதற்கு அவர்கள் 'வெளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லா உடம்புக்கும் ஒரே வெளி. கண்ணுக்குத் தெரியாதபடி அதை மறைத்து வைத்திருப்பார்கள். முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்ததுதான். அடி மடச்சி! அவள் எதையும் அழிக்கவில்லை. உள்ளே இருந்ததை வெளியே பிடித்துத் தள்ளியிருக்கிறாள்.

தள்ளிய கைதானே, திரும்ப இழுத்து வைக்காதா? ஆனது ஆகட்டும். ஹம்மாத்தின் உடம்பைத் திறந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவியால் 'வெளி'யைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றினாள்.

எதிரே அவள் கணவன் ஓங்கி நின்றான். தோலில்லாமல், வெள்ளை விலாவும் சிவப்பு இதயமுமாக. இதயத்துக்குப் பின்னால் அவள் துடைத்த இடம் குழியாகத் தெரிந்தது. முதலில் சாம்பல் நிறம் மட்டும் மெல்லப் பரவியது. பிறகு வாடை வந்தது. ஹெட்செட்டுக்குள் எப்படி வாடை வரும்? ஆனால் வந்தது. டெட்டால், பீடி, வாடின மல்லிகை, குழந்தைப் பவுடர், பல நாள் படுக்கையில் கிடந்த உடம்பின் புளித்த வேர்வை. மழைச் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்த இடத்தில் மூச்சுச் சத்தம். ஒருவர் மூச்சு அல்ல.

சாம்பல் திரண்டு நிமிர்ந்தது. ஆள் உயரம். அதன் பக்கத்தில் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும், தோளோடு தோளாக, கண்ணுக்கெட்டிய மட்டும். முகம் கிடையாது. ஆனால் எல்லாமே ஒரே பக்கம் பார்த்து நின்றன. ஹம்மாத்தின் அந்தக் குழியை.

இத்தனை பேர் வீட்டிலும் இப்படித்தான் யாரோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்களா? யா அல்லாஹ்.

"என்னங்க," என்றாள். "என்னங்க, நான்தான்."

தூரத்தில் ஒன்று அசைந்தது. அவன்தான். அவனேதான். பிரஷ்ஷை அதன்மேல் வைத்தாள். வழுக்கியது. முன்னால் நின்றவை நகர்ந்து அடைத்தன. மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கியது. நெருங்கின. பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது. பிரஷ்ஷைப் பெரிதாக்கினாள். போதவில்லை. இன்னும் பெரிதாக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரே இழுப்பு.

கண்ணைத் திறந்தபோது குழி இல்லை. நிரம்பியிருந்தது.

வெளியும் காலியாக இருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பதற்குள் போன் அடித்தது. ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு எடுத்தாள். ஹாஜிரா பீ அழுதாள், சிரித்தாள். "எம் புள்ள பேசுறாண்டி! சீக்கிரம் வா! பேசிக்கினே கீறான்… நிறுத்தவே மாட்றான்…"

ஆட்டோ கிரீன்வேஸ் ரோட்டிலும் மந்தைவெளியிலும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் வழி நெடுகத் துஆ ஓதினாள். நடுநடுவே வாய் தானாக நின்றது. பிரஷ் எவ்வளவு அகலம் வைத்தோம் என்று மனசு கேட்டது. கேட்காதே என்றாள்.

சந்தில் கரண்ட் இல்லை. ஹாஜிரா பீ வீட்டுக்குள் இல்லை. மாடிப்படியில் இருட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் கையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

உள்ளே பேச்சுக்குரல்.

ருக்சார் போன் வெளிச்சத்தைக் கட்டில் பக்கம் திருப்பினாள். ஹம்மாத் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கண் அவளைப் பார்த்தது. வாய் அசைந்தது. வந்தது ஒரு கிழவியின் குரல்.

"ஏண்டிம்மா, மழை கொட்டிண்டிருக்கே, ஆத்துக்கு மாமா இன்னும் வரலியா?"

மூச்சு விடவில்லை. அதே வாய். வேறு குரல், கரகரப்பான ஆண்குரல். "யக்கா, இன்னாத்துக்கு அழுவுற? எங்க வூட்டுக்கு ஒரு போன் போட்டுக் குடு யக்கா. பசங்க தேடிக்கினு இருப்பாங்க."

உடனே ஒரு குழந்தை. "அம்மாகிட்ட போணும். அம்மாகிட்ட போணும்."

சட்டைக்குள் அவன் விலா ஒரு பக்கம் புடைத்தது, அடங்கியது. மறுபக்கம் புடைத்தது. கழுத்தில் நரம்பு நரம்பாக எதுவோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. தாடைக்கு ஓய்வில்லை. உதடு வெடித்து ரத்தம் வடிந்தது.

அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "என்னங்க. ருக்சார் வந்திருக்கேன். என்னைப் பாருங்க. என்னங்க!"

குரல்கள் அடங்கின. ஒரு நொடி.

எங்கோ அடியிலிருந்து, நசுங்கி, மெலிந்து, அந்தக் குரல் வந்தது. அவளுடைய ஹம்மாத்தின் குரல்.

"ருக்சார்… இவங்கள கொஞ்சம் நகரச் சொல்லு… எனக்கு இடமே இல்ல…"

வாய் மூடவில்லை. அடுத்தவர் பேச ஆரம்பித்தார்.