ஒற்றைத் தட்டு

அந்தப் பேருந்துப் பணிமனையின் பின்மைதானத்தில் ஒரே ஒரு தூண் நிற்கிறது. ஒரு காலத்தில் ஏதோ கூரையைத் தாங்கியது. கூரை போய்விட்டது, தூண் போகவில்லை. சுற்றிலும், மதில் பக்கமும்கூட, யானை புரண்டு படுக்கிற அளவுக்கு வெற்றிடம். இருந்தும் பின்னோக்கி வந்த பேருந்துகள் எல்லாம் தேடிப்போய் அதில்தான் இடித்தன.

ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

நிர்வாகம் மண்டையைக் குடைந்துகொண்டு தூணுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தது. இடி கூடியது. சிவப்பு விளக்கு கட்டியது. இன்னும் கூடியது. அதற்குமேல் யோசிக்கிற பழக்கம் நிர்வாகத்துக்கு இல்லை. ஒரு நாள், பின்னால் நின்று வழிகாட்டுகிற கிளீனர் பேருந்துக்கும் தூணுக்கும் நடுவில் நசுங்கிச் செத்தார்.

அன்று ஓட்டியவன் ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவரின் மச்சான், மனைவியின் தம்பி. அதன்பிறகு அவனால் வண்டியைப் பின்னால் எடுக்கவே முடியவில்லை. மேலாளர் குறித்த நாளில் அவர் முன்னால் எடுத்துக் காட்ட வேண்டும். இடித்தால் வேலை போய்விடும். அதற்காகத்தான் ஓட்டுநர்களுக்குப் பாடம் நடத்தியே வயிறு வளர்த்த பயிற்சியாளர் அதற்கு முந்தைய நாள் மழை மதியத்தில் வந்து இறங்கினார்.

தூணைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இதுக்குப் போயா அக்காகிட்ட போன்ல அழுத?"

"தூணுக்காக அழல மாமா." மச்சான் குரலைத் தாழ்த்தினான். "அவரு இன்னும் தட்டுறாரு."

"எவரு?"

"கிளீனர்."

வழிகாட்டுகிறவர் பேருந்தின் பின்தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவார். தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம். தட்டல் ஓய்ந்து, பலமாக ஒற்றைத் தட்டு விழுந்தால் நில் என்று பொருள். இந்தக் கிளீனர் நட்டுக்கு அடியில் போடுகிற பழைய இரும்பு வாஷர் ஒன்றை மோதிரமாகப் போட்டிருந்தாராம். அதனால் அவர் தட்டும்போதெல்லாம் கூடவே சின்னதாக ஒரு 'டிக்' கேட்கும்.

"செத்தவனுக்கு எதுக்கு மாப்ள டியூட்டி? சம்பளம் யாரு குடுக்கிறா?"

மச்சானின் கண் தூணைவிட்டு நகரவில்லை.

"சரி, அன்னிக்கு அவரு ஒத்தத் தட்டு தட்டினாரா, இல்லையா?"

"தட்டினாருன்னு பாத்தவங்க சொல்றாங்க. எனக்குக் கேக்கல. இடிச்சிடக் கூடாது, இடிச்சிடக் கூடாதுன்னு தூணையே பாத்துட்டு இருந்தேன்."

"அதான் விஷயம்," என்று பயிற்சியாளர் உற்சாகமாகக் கையைத் தட்டினார். இதை விளக்குவதில் அவருக்குச் சலிப்பே வராது. பள்ளத்தையே முறைத்துக்கொண்டு மிதிவண்டி ஓட்டுகிறவன் பள்ளத்தில்தான் விழுவான். தளும்புகிற டம்ளரையே பார்த்து நடக்கிறவன் கொட்டிவிடுவான். கண் எங்கே ஒட்டிக்கொள்கிறதோ, கை வண்டியை அங்கே கொண்டுபோய்விடும். கவனத்தை மொத்தமாகக் கண்ணே தின்றுவிட்டால் காதுக்கு மிச்சம் இருக்காது. மஞ்சள் வண்ணமும் விளக்கும் என்ன செய்தன? எல்லாக் கண்ணையும் இழுத்துத் தூணில் ஒட்டின. பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

"தூணைப் பாக்காத. மதிலுக்கும் தூணுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாரு. நான் எடுத்துக் காட்டுறேன். நீ பின்னால நின்னு தட்டு. உன் தட்டைத் தவிர வேற எதுவும் கேக்காது."

பேருந்துக்குள் நனைந்த ரெக்சின் நாற்றமும் டீசல் நெடியும் அடித்தன. கூரையில் மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் பின் கியரைப் போட்டார்.

தட். தட். தட்.

மச்சானின் கை. பயந்தாங்கொள்ளியின் கை தட்டுவதுபோலத்தான் இருந்தது. அவர் அந்த இடைவெளியைப் பார்த்து வண்டியை நகர்த்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வந்தது.

தட்-டிக்.

உதட்டைச் சுழித்தார். எங்கேயோ தகரம் லூசாகியிருக்கிறது. இதற்கா ஒரு பணிமனையே நடுங்குகிறது?

தட்-டிக். தட்-டிக்.

எந்தத் தகரம் என்று மச்சானுக்குக் காட்டிவிட வேண்டும். அவர் தூண் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடி முழுக்க மஞ்சள்.

கண்ணை எடுக்க நினைத்தார். எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கண் வரவில்லை. கைகள் அவரைக் கேட்காமல் ஸ்டியரிங்கை இம்மியளவு திருப்பின.

தட்டல் ஓய்ந்தது.

தட்-டிக்.

ஒற்றைத் தட்டு. பலமாக.

'தகரம்' என்றது மனம். தகரம் என்று முடிவுகட்டிவிட்ட மனம் காலுக்கு எந்தக் கட்டளையும் அனுப்பவில்லை. வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது.

அடுத்த தட்டு பின்னால் விழவில்லை.

அவருடைய கதவில், காதோரமாக, ஓங்கி அறைந்ததுபோல விழுந்தது.

பிரேக்கை மிதித்தார்.

இறங்கி ஓடினார். மச்சான் தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். அவன் நெஞ்சுக்கும் பின்தகரத்துக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம்தான் இருந்தது.

"கடைசியா... நீயா தட்டின?"

"வண்டிக்கும் தூணுக்கும் நடுவுல மாட்டினதுமே கை ரெண்டும் தூணைப் பிடிச்சுக்கிச்சு மாமா. நான் எங்க தட்ட?"

ஓட்டுநர் கதவில் புதிதாக ஒரு நசுங்கல். நடுவில், வாஷர் அளவுக்கு வட்டமாக ஒரு குழி. மழைத்தண்ணீர் அதில் தேங்கத் தொடங்கியிருந்தது.

ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அன்று மாலை தூண் பக்கக் கண்ணாடியைத் துணியால் மூடிக் கட்டினார்.

மறுநாள் மேலாளர் குடையோடு வந்து நின்றார். "பின்னால வழிகாட்ட ஆள் நிக்கலையே?"

"வேண்டாம் சார்," என்றார் பயிற்சியாளர்.

மச்சான் பேருந்தைப் பின்னால் எடுத்தான். மயிரிழை பிசகாமல் இடைவெளிக்குள் வந்து நின்றது. மேலாளர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "ஆனா தட்டுற சத்தம் கேட்டுச்சே, யாருய்யா அது?"

"தகரம் லூசா இருக்கு சார்."

மேலாளர் நம்பினார். அவர் நம்புவார் என்று பயிற்சியாளருக்குத் தெரியும். நேற்றுவரை தானும் அப்படிப்பட்ட ஆள்தானே.

அதன்பிறகு அந்தத் தூணில் எந்த வண்டியும் இடிக்கவில்லை. அங்கே ஓட்ட வருகிற ஒவ்வொருவருக்கும் பயிற்சியாளர் சொல்லித்தருகிற முறை எளிது. தூண் பக்கக் கண்ணாடியைத் துணியால் மூடிவிட வேண்டும். இடைவெளியை மட்டும் பார்க்க வேண்டும். பின்னால் ஆளை நிறுத்தக் கூடாது. தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம். ஒற்றைத் தட்டு விழுந்தால், யார் தட்டினார் என்று திரும்பிப் பார்க்காமல், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.