அத்தா அறையில் மூடுபனி

ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் சுற்றாத வெப்பமானியும் ஒரே அளவைக் காட்டின. சித்திரை மாதத்து நடுப்பகலில் அது நடக்கக்கூடாத காரியம்.

ஷமா நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தாள். விமானம் ஓட்டப் படிக்கிறவள். லீவு முடிந்து போனதும் வானிலைப் பாடத்தில் பரீட்சை. படித்ததைக் கண்ணாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் கூடத்துச் சுவரில் அவ்விரண்டையும் மாட்டியிருந்தாள். காற்று வறண்டிருந்தால் துணியின் ஈரம் வேகமாக உலரும், உலர உலரக் குளிரும், அந்த வெப்பமானி மட்டும் கீழே இறங்கி நிற்கும். நேற்றுவரை அப்படித்தான் நின்றது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் காற்றுக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். கொஞ்சம் குளிர்ந்தால் போதும், மூடுபனி இறங்கிவிடும். அந்த நேரத்தில் விமானத்தைத் தொடாதே என்று வகுப்பில் தலைப்பாடாக அடித்துக்கொள்வார்கள்.

துணி காய்ந்துபோயிருக்கும், அதனால்தான் என்று தொட்டுப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

வெளியே வலங்கைமான் தெரு வெயிலில் வெந்துகொண்டிருந்தது. குடமுருட்டி ஆற்றில் வெறும் மணல். மேட்டூர் அணை திறக்க இன்னும் நாளிருந்தது. வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இந்த ஊரில் இன்றைக்கு ஈரம் எங்கிருந்து வரும்? மூச்சை இழுத்தாள். வாய்க்கால் சேற்றின் வாடை. அதற்கடியில், நெடுநாள் மூடியிருந்த ஒரு வாயின் வாடை. அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா துபாயில் சம்பாதித்துக் கட்டிய அந்தப் பெரிய வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். காலடியில் சலவைக்கல் தரை வேர்த்திருந்தது. நடக்க நடக்க ஈரம் கூடியது, குளிரும் கூடியது, இரண்டும் அத்தாவின் அறை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டன. அத்தா லீவில் வரும்போது மட்டுமே திறக்கிற அறை. ஒருக்களித்துத் திறந்திருந்தது.

அம்மா ஹபீபுன்னிசா கட்டிலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கட்டில்மேல் வெள்ளையாக, பஞ்சுப்பொதிபோல, மூடுபனி படுத்திருந்தது. விசிறிக்கு அது கலையவில்லை. மெதுவாக ஏறியது. மெதுவாக இறங்கியது.

"சத்தம் போடாத. அத்தா அசந்து தூங்குறாங்க."

"அத்தாவா? எப்பம்மா வந்தாங்க?"

"விடியக்கால. கதவத் தட்டினாங்க, நான்தான் தொறந்து விட்டேன். நேத்து அழுதுகிட்டே கூப்பிட்டேன்ல, வந்துட்டாங்க பாரு."

ஷமாவின் வார்த்தைகள் வாயிலிருந்து வெள்ளை ஆவியாக வெளியேறின. அம்மாவின் வார்த்தைகளோடு ஒன்றும் வரவில்லை.

கூடத்தில் டெலிபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

"ஷமா, அத்தா பேசுறேன்மா. அம்மாகிட்ட குடு. வந்துடுங்கன்னு நேத்து ரொம்ப அழுதா. இந்த வருஷம் லீவு கெடையாதுன்னு சொல்லிட்டேன், மனசு கேக்கல."

"அத்தா… நீங்க எங்க இருக்கீங்க?"

"துபாய்லதான். வேற எங்க? என்னம்மா, குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

அறைக்குள் கட்டில் முனகியது. பாரமான ஒன்று புரண்டு படுக்கிற முனகல். ரிசீவர் கை நழுவித் தொங்கியது. ஷமா, ஷமா என்று அதற்குள்ளிருந்து அத்தாவின் குரல் கூப்பிட்டபடியே இருந்தது.

அறைக்கு ஓடி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். ஐஸ் கட்டி. அசையவில்லை.

"எந்திரிம்மா! அது அத்தா இல்லம்மா!"

"தெரியும்டி." அம்மா விசிறுவதை நிறுத்தவில்லை. "இவங்களாவது வந்தாங்கல்ல."

கட்டிலிலிருந்து பனி வழிந்து தரைக்கு இறங்கியது.

ஷமா வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாளை விலக்கிக் கதவை இழுத்தாள். ஈரத்தில் மரம் ஊதி நிலையோடு இறுகியிருந்தது. தோளால் இடித்தாள். உதைத்தாள். கதவு அசையவில்லை. பனி கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு. டெலிபோனில் அத்தாவின் குரல் அறுந்தது.

ஜன்னல். அதுவும் இறுகியிருந்தது. கம்பிக்கிடையில் கைவிட்டுக் கண்ணாடியைத் தட்டினாள். தெருவில் ஐஸ்காரர் பக்கிரி தலையில் துண்டோடு சைக்கிளை உருட்டிப் போனார். கத்தினாள். கத்தல் பனிக்குள் அமுங்கியது. அவர் திரும்பவில்லை. தெரு காலியானது.

பின்னால் அம்மாவின் குரல், தாலாட்டுவதுபோல.

"முழிச்சுட்டாங்க."

கட்டில் முனகவில்லை. காலடி கேட்கவில்லை. கழுத்தில் மட்டும் ஈரம்.

ஷமா மூச்சை அடக்கினாள்.

கண்ணாடியில் வெயில் நேராக விழுந்தது. சுடுகிற கண்ணாடியில் ஆவி படியாது. படியவே படியாது.

அவள் தலைக்கு மேலே, கண்ணாடியில், வட்டமாக ஒரு வெண்மை படிந்தது. சுருங்கியது. மறுபடி படிந்தது. இன்னும் பெரிதாக. இன்னும் தாழ்வாக.