சைக்கிளில் வந்த சீர்

மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமைக்காக மதுமதி ஒரு மாதமாகச் சைக்கிள் ஓட்டிப் பழகினாள். முழங்காலில் இரண்டு காயம், முழங்கையில் ஒன்று. மூன்றையும் பதக்கம் போல எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அந்த ஞாயிறன்று ஊர்க்காரர்கள் நாற்பது பேர் சைக்கிளில் ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குப் போவார்கள். விளையாட்டு ஆசிரியர் ஜெரால்ட் சார் விசில் ஊதிக்கொண்டு முன்னால் போவார். சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு எண் அட்டையும் கொடுத்திருந்தார். மதுமதியின் எண் இருபத்தேழு.

அப்புறம்தான் அப்பா அந்தச் செய்தியைச் சொன்னார். தம்பி கதிர்வேலுக்குக் காது குத்துவதும் அதே ஞாயிறுதான்! அதுவும் அணைக்கட்டுக்கு முன்னால் இருக்கும் ஆற்றங்கரைக் கோயிலில்.

“நான் சைக்கிள்லயே கோயிலுக்கு வந்தர்றனுங்கப்பா.”

“வேர்த்து ஒழுகி, புழுதியோட வந்து நின்னா சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க? வேண்டாம் சாமி. பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டு மாமன் வண்டியில சீர்த்தட்டுகளோட வா.”

சனிக்கிழமை மாலை பக்கத்து வீட்டுக் கௌசிக் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அவன் சைக்கிள் டயர் கிழிந்துவிட்டது. மதுமதி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு தன் சைக்கிளை அவனிடம் கொடுத்துவிட்டாள். அட்டையை மட்டும் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் அதை மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சரவணமுத்து மாமா டெல்லி வரைக்கும் லாரி ஓட்டுகிறவர். சீர் கொண்டுபோக ஒரு சின்ன டெம்போவை எடுத்துவந்திருந்தார். வாழைமரம், சாமந்தி மாலை, கலர் பல்பு எல்லாம் கட்டியிருந்த அந்த வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அத்தையும் மற்றவர்களும் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். மதுமதி மட்டும் டெம்போவின் பின்னால் முப்பத்தொரு தட்டுகளுக்குக் காவல்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். மாமா பத்து நாளாக அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி மூன்று தடவை விக்கியது. நின்றுவிட்டது.

“என்னாச்சுங்க மாமா?”

மாமா சாவியைத் திருகினார். மறுபடி திருகினார். பிறகு டீசல் முள்ளைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு வாழமரம் கட்டுனேன், மாலை கட்டுனேன், பல்பு கட்டுனேன். டீசல் போட மறந்துட்டனே கண்ணு!”

“டெல்லி வரைக்கும் லாரி ஓட்டுறவருங்க நீங்க!”

“மெதுவாச் சொல்லு சாமி, எவனாச்சும் லாரிக்காரன் காதுல விழுந்துறப்போகுது.”

மாமா அப்பாவுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலில் மேளச் சத்தம், யார் காதில் விழும்? இரண்டு பக்கமும் கரும்புத் தோட்டம். பங்க் ஆறு கிலோமீட்டர் பின்னால். நேரம் எட்டு மணி.

“எட்டே முக்காலோட நல்ல நேரம் முடிஞ்சுரும்,” என்றார் மாமா. “என்ற மாப்பிள்ளை கதிர்வேலுக்கு வேற யாராச்சும் மடியிலதான் காது குத்துவாங்களாட்ட இருக்குது.”

அவ்வளவு பெரிய மாமா கண்ணைத் துடைப்பதை மதுமதி அன்றுதான் பார்த்தாள்.

அப்போது தூரத்தில் மணிச் சத்தம். டிரிங், டிரிங்! சைக்கிள்கள்! மதுமதி சட்டென்று வாழைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர்களைப் பார்த்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

இலை இடுக்கு வழியாக மெல்ல எட்டிப் பார்த்தாள். முன்னால் வரிசையாகச் சைக்கிள்கள். திரும்பினாள். பின்னால் வரிசையாகத் தட்டுகள்.

ஒரே தாவு. நடுரோட்டில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள்.

“சார்! நில்லுங்க சார்! சீரைச் சைக்கிள்ல கொண்டுபோலாங்களா?”

ஜெரால்ட் சார் விஷயத்தைக் கேட்டார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். விசிலை நீளமாக ஊதினார். “எல்லாரும் இறங்குங்க! ஆளுக்கொரு தட்டு!”

மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. தார்ப்பாய் கட்டும் கயிற்றை எடுத்து, லாரியில் சரக்குக் கட்டுவதுபோல ஒவ்வொரு கேரியரிலும் தட்டை இறுக்கிக் கட்டினார். எந்தக் குழியில் விழுந்தாலும் ஒரு மாம்பழம்கூட அசையாது.

“லட்டுத் தட்டை நித்யஸ்ரீகிட்டக் குடுக்காதீங்க. போய்ச் சேராது!” என்றான் கௌசிக்.

“நீ மட்டும் யோக்கியனா?” என்றாள் சைக்கிளோடு நின்ற நித்யஸ்ரீ.

மதுமதி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் சைக்கிளில் ஏறினாள். கௌசிக் புதுத்துணித் தட்டோடு பின்னால் உட்கார்ந்தான்.

“வண்டிய இப்படியே விட்டுட்டுப் போலாங்களா மாமா?”

“டீசல் இல்லாத வண்டிய எவன் திருடுவான்? போ சாமி, போ!”

மாமா ஜெரால்ட் சாரின் கேரியரில் உட்கார்ந்தார். பின்சக்கரம் முனகியது. மேட்டில் சாருக்கு மூச்சு வாங்கியதால் விசிலை மாமாவே வாங்கி ஊதிக்கொண்டு வந்தார்.

கோயில் வாசலில் அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்தது டெம்போ அல்ல. பழமும் தேங்காயும் லட்டும் சுமந்த சைக்கிள் ஊர்வலம்! மேளக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மணி எட்டு முப்பத்தெட்டு. மாமா ஓடிப்போய் மணையில் உட்கார்ந்து கதிர்வேலை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி வலது காதில் குத்தியதும் அவன் போட்ட சத்தத்தில் புறா எல்லாம் பறந்துவிட்டது.

“எல்லாரும் மணி அடிங்க!” என்று கத்தினாள் மதுமதி.

டிரிங் டிரிங் டிரிங்! கதிர்வேல் வாயை மூடி, கண்ணை அகல விரித்துப் பார்த்தான். அவன் பார்த்து முடிப்பதற்குள் இடது காதும் குத்தி முடிந்தது.

அப்பா மதுமதியிடம் வந்தார். முகமெல்லாம் வேர்வை, தலையெல்லாம் புழுதி, பட்டுப்பாவாடை ஓரத்தில் சைக்கிள் செயின் கறை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பா தோளிலிருந்த புதுத் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார்.

“அணைக்கட்டு இன்னும் எத்தனை தூரம் சாமி?”

“ரெண்டு கிலோமீட்டருங்கப்பா.”

“பந்தி போடறதுக்குள்ள வந்துருவியா?”

மதுமதி இடுப்பிலிருந்து அட்டையை எடுத்தாள். அது வேர்வையில் நனைந்து கசங்கியிருந்தது. அம்மா தன் சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுக்க, அப்பா அட்டையை அவள் சட்டையில் குத்திவிட்டார்.

கையில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக லட்டோடு கௌசிக் கேரியரில் ஏறிக்கொண்டான். மாமா விசிலை ஊதினார். இருபத்தேழாம் எண் அணைக்கட்டைப் பார்த்துப் பறந்தது.